பனிப் பாதையில் மிதிவண்டி



நம் தமிழில் 'பனி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. எதிரே வருவோரை மறைக்கும் மூடலும் பனி. இமயத்தின் முடியில் படிந்து கிடப்பதும் பனியே. வெண்பனி பெய்யாத நாட்டில் வாழும் நமக்கு இந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் பனிமீதே நடமாடும் மக்களுக்கோ அது போதாது. பின்லாந்து நாட்டார் வானிலிருந்து பெய்த வெண்பனியை 'லுமி' என்பர்; நீர் உறைந்து இறுகிய பனிக்கட்டியை 'யா' என்பர்; பாதி உருகிச் சேறுபோல் கிடப்பதை 'லொஸ்கா' என்பர். இவற்றை வேறு பிரித்தறிவது அவர்களுக்குச் சொல்லாராய்ச்சி அன்று. கை கால் முறியாமல் வீடு போய்ச் சேர்வதற்குரிய வழியாகும். இந்த மூன்றன்மீதும் மிதிவண்டி ஓட்டும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

'நமக்கேன் இந்தப் பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் விடையை இறுதியில் சொல்கிறேன்; அதற்கு முன்னுரையாக ஒரு செய்தியை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். 1998ஆம் ஆண்டில் நான் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றேன். அவ்வாண்டு ஐப்பசி மழையில், ஏரிக்கரைக் களிமண் பாதையில், எங்கள் மாணவன் ஒருவன் மிதிவண்டியோடு சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், மழைக்காலம் முடியும்வரை ஒருவரும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரலாகாது என்று ஆணையிட்டேன். ஊரார் மெச்சினர், நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெற்ற பின்பு, 2019ஆம் ஆண்டு சனவரியில், என் மகள் குடும்பத்தைப் பார்ப்பதற்காகப் பின்லாந்தின் ஔலு நகருக்குச் சென்றிருந்தேன். பொத்னியா வளைகுடாவின் கரையில், வட அட்சம் 65 டிகிரியில் இருக்கிறது அந்நகரம். ஆண்டின் குறும்பகல் நாளில் அங்கே கதிரவன் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே முகம் காட்டுவான். சனவரி, பிப்ரவரி மாதங்களின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 9 அல்லது 10 டிகிரி. இத்தகைய ஊரில் குளிர்காலத்திலும் மக்கள் மிதிவண்டியைக் கைவிடுவதில்லை. குளிர்கால மிதிவண்டிப் பயணம் பற்றிய முதல் உலக மாநாடு 2013ஆம் ஆண்டில் அங்கேதான் கூடியது என்றால் அந்நகரின் பெருமை உங்களுக்குப் புலப்படும்.

நான் சென்ற மறுநாட்காலை எட்டு மணிக்கு வெளியே இருள் விலகவில்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழ் 15 டிகிரியைக் காட்டியது. பதினொரு வயதுப் பெயர்த்தி புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியை எடுத்தாள். என் நெஞ்சு பதறியது. "இந்தப் பனியிலா? வேண்டாம் அம்மா, வழுக்கி விழுவாய்" என்று தடுத்தேன். அவள் சிரித்துவிட்டு, "தாத்தா, இன்றைக்கு நல்ல குளிர். அதனால் வழுக்காது. போன வாரம் குளிர் குறைந்ததே, அன்றைக்குத்தான் நான் நடந்து போனேன்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாள்.

குளிர் மிகுந்தால் வழுக்காது, குறைந்தால் வழுக்கும் என்கிறாளே, இது என்ன தலைகீழ்ப் பாடம் என்று திகைத்தேன். ஆராய்ந்து பார்த்தபோது அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? நான் மாணவனாயிருந்தபோது படித்த விளக்கம், நானும் பல ஆண்டு கற்பித்த விளக்கம் இது: மேலிருந்து அழுத்தும் எடையால் பனிக்கட்டி உருகி நீராகிறது, அந்த நீரே வழுக்கச் செய்கிறது என்பது. அழுத்தத்தால் உருகுநிலை தாழும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி தாழ்வதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 130 மடங்கு அழுத்தம் வேண்டும். மிதிவண்டியின் டயர் தரைமீது செலுத்தும் அழுத்தம் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒட்டியதே. அது மூன்று அல்லது நான்கு மடங்குதான். அதனால் உருகுநிலை ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்குகூடத் தாழாது. ஆகவே பூச்சியத்துக்குக் கீழ் 5 டிகிரியிலும் ஒருவன் வழுக்கி விழுவதற்கு இந்த விளக்கம் போதாது.

உண்மையை நோக்கி வழிகாட்டியவர் மைக்கேல் பாரடே. உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று அவர் 1850ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். 1939ஆம் ஆண்டில் பௌடன், ஹியூஸ் என்னும் இருவர், உராய்வால் பிறக்கும் வெப்பமும் வழுக்குப் படலத்தை உண்டாக்குகிறது என்று சோதனை வாயிலாகக் காட்டினர். வெப்பநிலை பூச்சியத்தை நெருங்க நெருங்க இப்படலம் தடித்து வழுக்கல் மிகும். குளிர் கடுமையாக ஆக ஆகப் படலம் மெலிந்து பிடிப்பு மிகும். பூச்சியத்துக்குக் கீழ் 15 டிகிரியைவிடப் பூச்சியத்தை ஒட்டிய நாளே அஞ்சத்தக்கது என்பதன் காரணம் இதுவே. பகலில் சிறிது உருகி இரவில் மீண்டும் உறைந்த பாதைதான் மிகக் கொடியது. நிறமற்ற கண்ணாடித் தகடாகத் தார்ச்சாலைமீது அது படிந்திருக்கும். கண்ணுக்குச் சாலையின் கருமையே தோன்றும். அதனைக் கரும்பனி என்பர்.

இனி வழுக்கலுக்கு அளவு காண்போம். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. வழவழப்பான பனிக்கட்டிமீது அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 5 மீட்டர். இவ்வேகத்தில் செல்பவன் உலர்ந்த சாலையில் தடையைப் பிடித்தால் ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் நின்றுவிடலாம். அதைவிடக் கடுமையாகப் பிடித்தால் வண்டி முன்னோக்கிக் கவிழும். ஆதலால் உராய்வு முழுவதையும் அங்கே பயன்படுத்த முடியாது. அதே வேகத்தில் பனிக்கட்டிமீது நிற்க வேண்டுமானால் பன்னிரண்டரை மீட்டர் ஆகும். ஆபத்தைக் கண்டு கை தடையைத் தொடுவதற்குள் ஒரு வினாடி கழியுமன்றோ? அதற்கு மேலும் 5 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தொலைவு பாதியாவதில்லை; நான்கில் ஒரு பங்காகிறது. பன்னிரண்டரை மீட்டர் மூன்று மீட்டராகிவிடும். பனிப் பாதையின் முதல் விதி 'மெல்லச் செல்' என்று இருப்பது வெறும் அறிவுரை அன்று, கணக்கு.

வளைவுகளுக்கும் இதே கணக்குத்தான். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்கூடத் திரும்பிவிடலாம். பனிக்கட்டிமீது 11 கிலோமீட்டரைத் தாண்டினால் சக்கரம் நழுவும்.

இவ்வளவும் அறிந்த பிறகு எனக்கும் ஓட்டிப் பார்க்கும் ஆசை பிறந்தது. மருமகனின் வண்டியை வாங்கிக்கொண்டு குடியிருப்புப் பாதையில் கிளம்பினேன். நேர்வழியில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே முன்தடையை இறுகப் பிடித்தேன். அடுத்த நொடி நான் பாதையில் கிடந்தேன். மணிக்கட்டு வீங்கியது, எலும்புக்கு ஊறு இல்லை. மாலையில் பெயர்த்தி என்னை விசாரணை செய்தாள்: "திரும்பும்போது பிரேக்கைப் பிடித்தீர்களா தாத்தா?" பிடித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். "முன் பிரேக்கையா?" அதையும் ஒப்புக்கொண்டேன். "இரண்டு தப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் வாழ்நாளெல்லாம் நான் பிறர் விடைத்தாளில் எழுதியதை அவள் என் முகத்துக்கு எதிரே சொன்னாள்.

அந்த இரண்டு தவற்றையும் விளக்குகிறேன். மிதிவண்டி சாயும் பக்கமாக முன்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பியே நாம் நிமிர்ந்து நிற்கிறோம். சமநிலைக்கு ஆதாரம் முன்சக்கரத்தின் பிடிப்பு. பின்சக்கரம் சற்று நழுவினால் பெரும்பாலும் சமாளித்து மீளலாம். முன்சக்கரம் நழுவினால் நினைப்பதற்கு முன் கீழே விழுவோம். ஆதலால் பனிமீது பின்தடையையே முதன்மையாகக் கொண்டு, மெதுவாக, முன்கூட்டியே பிடிக்க வேண்டும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரக் குடத்துக்குள்ளே தடை பிடிக்கும் அமைப்பு அந்நாட்டு வண்டிகள் பலவற்றில் உண்டு. பனியும் ஈரமும் அதனுள் எளிதிற் புகா. ஆகவே குளிர்காலத்துக்கு அது மிகவும் ஏற்றது. சக்கர விளிம்பைக் கவ்வும் தடைகளோ, விளிம்பில் பனி படிந்தால் சிறிது நேரம் பிடிக்காமலே சறுக்கும்.

இரண்டாவது தவறு, திரும்புவதையும் நிறுத்துவதையும் ஒருங்கே செய்தது. டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போன்றது. அதிலிருந்தே அரிசிக்கும் கொடுக்க வேண்டும், வாடகைக்கும் கொடுக்க வேண்டும். உலர்ந்த சாலையில் வருமானம் மிகுதி. இரண்டு செலவையும் ஒரே நாளில் செய்யலாம். பனியில் வருமானம் சிறிது. ஒன்றன்பின் ஒன்றாகவே செய்ய வேண்டும். வளைவுக்கு முன்பே நேர்வழியில் வேகத்தைக் குறைத்துக்கொள். வளைவில் தடையைத் தொடாதே, மிதியையும் வலிந்து மிதியாதே, உடலைச் சாய்க்காமல் அகலமாகத் திரும்பு. நேரான பிறகு மெல்ல மிதி. இதுவே அங்கே குழந்தைகள் கற்கும் முறை.

தொடக்கத்தில் மூவகைப் பனியைக் கூறினேனல்லவா? புதிதாய்ப் பெய்த மென்பனி சில அங்குலம் இருந்தால் சக்கரம் அதை அழுத்திக்கொண்டு செல்லும். சிரமம் உண்டே தவிரப் பெரும் ஆபத்தில்லை. ஆனால் அதன் அடியில் பனிக்கட்டி மறைந்திருக்கக் கூடும் என்பதை மறத்தலாகாது. இறுகி மிதிபட்ட பனி, கடுங்குளிரில், ஓட்டுவதற்கு மிகவும் நல்ல தரையாகும். லொஸ்கா எனப்படும் பனிச்சேறு முன்சக்கரத்தை விருப்பம்போல் இழுக்கும். அது இரவில் உறைந்தால் பகலில் பதிந்த சக்கரத் தடங்கள் கல்போல் இறுகிப் பள்ளங்களாகிவிடும். அத்தடத்துள் புகுந்த சக்கரத்தைக் குறுக்கே திருப்ப முயன்றால் விழுவது உறுதி. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே அறிவுடைமை. வண்டியின் இருக்கையைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொண்டால் வேண்டும்போது உடனே காலை ஊன்றலாம்.

டயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிக்காலத்துக்கென்றே ஆணி பதித்த டயர்கள் உண்டு. டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் முனை அமைந்த சிற்றாணிகள், டயர் ஒன்றுக்கு நூறு முதல் முந்நூறு வரை, ஒரு மில்லிமீட்டர் அளவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை பனிக்கட்டியைக் குத்திப் பிடிப்பதால், வழுவழுப்பான பரப்பிலும் வண்டி ஓரளவு நிலைகொள்ளும். ஒரே ஒரு டயர் வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால் அதை எந்தச் சக்கரத்துக்கு மாட்டுவது? முன்சக்கரத்துக்கே. அதன் காரணத்தை இதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். மென்பனியில் டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு மிகுந்து பிடிப்பும் மிகும்.

ஓட்டுபவனின் திறமை ஒன்றே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதையைப் பேணும் நகராட்சிக்கும் பெரும் பங்குண்டு. மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்கும் உரிய தனிப் பாதைகள் ஔலு நகரெங்கும் பின்னிக் கிடக்கின்றன. பெருஞ்சாலைகளைக் கடக்குமிடங்களில் பலவற்றில் அவை சாலைக்கு அடியிலேயே சென்றுவிடும். பனி பெய்த இரவின் விடியலில், மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புமுன், இயந்திரங்கள் அப்பாதைகளைச் சீர்செய்யும். எல்லாப் பனியையும் அள்ளி எடுப்பதில்லை. அடியில் ஒரு படலத்தை இறுக விட்டு, அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் சுரண்டி, பொடித்த கருங்கல்லைத் தூவுகிறார்கள். உப்பைத் தூவினால் பனி உருகுமே என்று கேட்கலாம். உப்புக் கரைசல், செறிவு சரியாக அமைந்தால், பூச்சியத்துக்குக் கீழ் 21 டிகிரி வரை உறையாது என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 10 டிகிரிக்குக் கீழே உப்பின் வேலை மிக மந்தமாகிவிடும். பாதி உருகிய சேறே மிஞ்சும். அன்றியும் உப்பு சங்கிலியையும் இரும்பையும் அரித்துவிடும். ஆதலால் கடுங்குளிர் ஊர்களில் கல்பொடியே சிறந்தது. வசந்தம் வந்ததும் அதைக் கூட்டி அள்ளிவிடுவர்.

உடலைக் காக்கும் முறையும் இதில் அடங்கும். காற்றில்லாத நாளிலும் ஓட்டுபவன் தன் வேகத்தால் தானே காற்றை உண்டாக்கிக்கொள்கிறான். பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது கீழ் 18 டிகிரி போன்றிருக்கும். காது, மூக்கு, விரல்நுனி ஆகியவையே முதலில் மரத்துப் போகும். ஒரே தடித்த உடையைவிட மெல்லிய உடைகள் பலவற்றை அடுக்கி அணிவது நல்லது. உடலை ஒட்டிப் பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரத்தை வைத்துக்கொள்ளும். கம்பளி நூலுடை நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். கிளம்பும்போது சற்றே குளிர்வதுபோல் இருப்பதுதான் சரியான அளவு; மிதிக்க மிதிக்க உடல் தானே சூடேறும். இருள் மிகுந்த நாடாதலால், முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இன்றி இருட்டில் மிதிவண்டி ஓட்டுவதை அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. இருளில் நடந்து செல்வோரும் ஒளியைத் திருப்பி வீசும் சிறு வில்லைகளை அணிய வேண்டும் என்பதும் அப்போது சட்டமாயிருந்தது. என் மேலங்கியிலும் பெயர்த்தி ஒன்றைத் தொங்கவிட்டாள்.

ஒருநாள் அவளை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றேன். முற்றத்தில் வரிசை வரிசையாக மிதிவண்டிகள், இருக்கைமேல் பனி படிந்து நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். என் கண்முன் வந்தது 1998ஆம் ஆண்டின் வருகைப் பதிவேடு.

என் ஆணையின் மறுபாதியை இப்போது சொல்கிறேன். ஏழு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அண்ணனின் பழைய மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் ஊருக்குப் பேருந்து இல்லை. என் ஆணைக்குப் பின் சில நாள் நடந்து வந்தாள், பிறகு வரவில்லை. தை பிறந்து ஆணை நீங்கியபோதும் அவள் திரும்பவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி வந்தது. கை முறிந்த மாணவன் ஆறு வாரத்தில் தேறிப் பள்ளிக்கு வந்துவிட்டான். கை முறியாத அவளுடைய படிப்பு அத்தோடு முடிந்தது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? ஏரிக்கரைப் பாதையில் நாலு வண்டி சரளைக் கல்லைக் கொட்டுமாறு ஊராட்சியைக் கேட்டிருக்கலாம். ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஈரக் களிமண்ணில் வேகத்தைக் குறைப்பது எப்படி, பின்தடையை மெல்லப் பிடிப்பது எப்படி, எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்பதைக் கற்பித்திருக்கலாம். உராய்வைப் பற்றிக் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியவன் நான். அந்தப் பாடத்தைப் பள்ளி வாயிலுக்கு வெளியே கொண்டுசெல்ல எனக்குத் தோன்றவில்லை. தடுப்பது எளிதாயிருந்தது, தடுத்தேன்.

நமக்கேன் இந்தப் பேச்சு என்ற கேள்விக்கு இதுவே என் விடை. உங்களில் சிலர் மேற்படிப்புக்காகப் பனி நாடுகளுக்குச் செல்லக்கூடும். அங்கே முதற்குளிர் வந்ததும் நான் சொன்ன கணக்குகளை நினைவிற் கொள்ளுங்கள். பூச்சியத்தை ஒட்டிய நாளில் அஞ்சுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், முன்சக்கரத்தைக் காத்துக்கொள்ளுங்கள், ஐயம் தோன்றினால் இறங்கி நடங்கள். உங்களில் சிலர் ஆசிரியராகவும் ஊர்ப் பொறுப்பில் இருப்போராகவும் வருவீர்கள். அப்போது ஒரு குழந்தை வழுக்கி விழுந்தால், குழந்தையை நிறுத்துமுன் பாதையைப் போய்ப் பாருங்கள்.